அத்தைக்குப் படித்துக் காட்டிய புத்தகங்கள்: பீடோங்கில் ஒரு வாரம்

முதல் நாள், சனி

அத்தைக்கு வலது கண்ணில் புரை எடுத்து மூன்று நாளாகிறது. குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, நாலு வேளை சொட்டு மருந்து விட வேண்டும். ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். இந்த வாரம் லீவு கிடைக்கவில்லை என்று போன் பண்ணினான். சரி, நான் போகிறேன் என்று கிள்ளானிலிருந்து கிளம்பிவிட்டேன். பையில் துணி கொஞ்சம், புத்தகம் நான்கு. நான்குமே நம் ஆட்கள் கடல் தாண்டி வந்த பிறகு பட்டதைச் சொல்பவை. அடுத்தடுத்துப் படிக்க வேண்டும் என்று பல மாதமாக ஒதுக்கி வைத்திருந்தேன்.

கோலாலம்பூரிலிருந்து கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணிக்கு ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல். ஈப்போ வரை தூக்கம். அதற்கப்புறம் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. 1959இல் புத்தகமாக வந்த சின்ன நாவல். 'புயலிலே ஒரு தோணி'யைக் கொண்டாடுகிறவர்கள் இதை ஒரு ஒத்திகை மாதிரிச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பினாங்கு வட்டிக்கடை இதில் உயிரோடு இருக்கிறது. முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக ஏற வேண்டிய வாழ்க்கை அது. செல்லையா அடுத்தாள். போர் வருகிறது, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான், திரும்பி வருகிறான். துப்பாக்கி பிடித்தவன் இனி பேரேட்டுக்கு ஆக மாட்டான் என்று முதலாளி முடிவு கட்டிவிடுகிறார். மகள் மரகதத்தைக் கொடுக்க மறுக்கிறார். கதை இவ்வளவுதான். ஆனால் அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்லவே முடியாது. கடை நடத்துகிறவர் பேச வேண்டியதைத்தான் பேசுகிறார். அதுதான் வயிற்றைப் பிசைகிறது.

பட்டாணியில் இறங்கி, அத்தை இருக்கும் பீடோங்குக்கு கார் பிடித்தேன். ஜெராய் மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக வரும்போது இந்தச் சாலைக்கு இரண்டு பக்கமும் பால்மரம். இப்போது கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. அத்தை இருந்த லயமும் இல்லை. இடித்துப் பத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. இப்போது தாமானில் ஒரு மலிவு விலை வீடு, வாசலில் ஒரு முருங்கை.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு அத்தையிடம் ரயிலில் படித்த கதையைச் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி.

"அந்தப் பொண்ணு என்னா ஆச்சி?"

"அப்பா சொன்ன மாப்பிள்ளைதான்."

"அது கேட்கல. அதுக்கு என்னா ஆச்சி?"

செல்லையாவோடு கூடவே போய்க்கொண்டிருந்ததில் எனக்கு அது தோன்றவே இல்லை. விளக்கை அணைக்காமல் மரகதம் வரும் பக்கங்களை மட்டும் திரும்பத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மணி பன்னிரண்டு.

இரண்டாம் நாள், ஞாயிறு

காலையில் மருந்து விட்டு, பசாரில் நாசி லெமாக் வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து இரண்டாவது புத்தகத்தைப் பிரித்தேன். அத்தை உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "மனசுக்குள்ளயே படிக்கிறியே கண்ணு, வாய் விட்டுப் படியேன். எனக்கும் பொழுது போவும்ல."

இந்த வாரம் முழுக்க எப்படிப் போகப் போகிறது என்பதை அந்த ஒரு வார்த்தை முடிவு செய்துவிட்டது.

புத்தகம் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்', 2006. அவர் இந்தக் கெடாக்காரர்தான். இதற்கு முன் இரண்டு தடவை தொடங்கி, பத்துப் பக்கம் தாண்ட முடியாமல் வைத்துவிட்டேன். தோட்டத்துப் பேச்சு அப்படியே எழுத்தில் இறங்கியிருக்கும். கண்ணால் படித்தால் ஒவ்வொரு வரியிலும் தடுக்கும். இன்று சத்தமாகப் படித்தபோது மூன்றாவது பக்கத்திலேயே நாக்குக்கு வழி பிடிபட்டது. எழுத்தில் கோணலாகத் தெரிந்ததெல்லாம் வாயில் நேராக வந்தது. நான் எங்கே மூச்சு விட வேண்டும் என்பது கூட அந்த வாக்கியங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அத்தை இரண்டு பக்கம் கேட்டுவிட்டு, "யாரு இவரு? எந்தத் தோட்டம்?" என்றார். கதை என்ன என்று கேட்கவில்லை. எந்தத் தோட்டம் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

பெரட்டு, தண்டல், கிராணி, மங்கு, ஒட்டுப்பால், ஆயக்கொட்டகை. இந்தச் சொற்கள் வரும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நான் நிறுத்தி, "நீங்க மரம் வெட்டுனப்போ எப்படி?" என்று கேட்டேன். (தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு: இங்கே மரம் வெட்டுவது என்றால் சாய்ப்பது இல்லை, பட்டையைச் சீவிப் பால் எடுப்பது.) அத்தை எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு கரண்டியோடு வந்தார். கதவு நிலையின் முன்னால் நின்றார்.

முதலில் நேற்றைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நூல் மாதிரி உரித்தார். அது ஒட்டுப்பால், இடுப்புப் பைக்குள் போகும். பிறகு கரண்டியின் காம்பைக் கண்ணுக்குத் தெரியாத உளியாகப் பிடித்து, இடது மேலிருந்து வலது கீழே சாய்வாக இழுத்தார். ஒரே இழுப்பு இல்லை. சின்னச் சின்னதாக, கால் நகர நகர, உடம்பே மரத்தைச் சுற்றி வளைகிறது. "பட்டை வெங்காயத் தோலாட்டம் வரணும். கொஞ்சம் அழுத்திட்டா மரத்துக்கு எலும்பு தெரிஞ்சிரும். கிராணி பாத்தா சத்தம் போடுவாரு." பால் உடனே ஓடாதாம். வெட்டின கோட்டில் முதலில் வேர்வை மாதிரிப் புள்ளி புள்ளியாக நிற்கும். புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்த பிறகுதான் கோடு நிறைந்து, தகரப் பீலி வழியாக மங்கில் சொட்டத் தொடங்கும். அதற்குள் அத்தை அடுத்த மரத்தில் இருப்பார். விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் நானூறு ஐந்நூறு மரம். வெயில் ஏறினால் பால் வற்றிவிடும். மழை பெய்தால் பால் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும், அன்றைக்குச் சம்பளமும் போச்சு.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "படி" என்றார்.

முத்துசாமி இந்தச் சொற்களை நம்புகிறார். அதனால்தான் இந்த நாவல் எனக்கு இன்று இவ்வளவு பிடித்தது. நம் எழுத்தாளர்கள் பலர் மங்கு என்று எழுதிவிட்டு, யாரோ ஒருவருக்குப் புரியாமல் போய்விடுமே என்று அடியில் விளக்கம் போடுவார்கள். எனக்கு அது மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும். தஞ்சாவூர்க் கதையையும் கரிசல் கதையையும் நாங்கள் அடிக்குறிப்பு இல்லாமல்தானே படித்து வளர்ந்தோம். தேடி வருகிறவர்கள் இந்தச் செம்மண் சடக்கிலும் நடந்து வரட்டும்.

மூன்றாம் நாள், திங்கள்

மழை. படிக்க நல்ல நாள்.

முத்தம்மாள் பழனிசாமியின் 'நாடு விட்டு நாடு'. நாவல் இல்லை, தன் குடும்பத்தின் கதை. கொங்கு நாட்டிலிருந்து மலாயா வந்து வேரூன்றிய ஒரு குடும்பத்தை, அதில் பிறந்து ஆசிரியையான பெண் திரும்பிப் பார்த்து எழுதியது. முதலில் ஆங்கிலத்தில் எழுதி, அப்புறம் தானே தமிழிலும் எழுதினார். சோடனை இல்லாத எழுத்து. பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லிக்கொண்டே போவார்கள் இல்லையா, அந்த மாதிரி. இலக்கியம் தேடுகிறவர்கள் பொறுமை இழக்கலாம். எனக்கும் சில பக்கங்களில் பெயர்கள் குழம்பின. ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. நாவல்களில் கப்பல் என்றால் ஆண்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். இதில் பெண்கள் ஏறுகிறார்கள்.

அத்தை நேற்று மாதிரித் தலையாட்டவில்லை. இடைமறித்துக்கொண்டே இருந்தார். "எங்கம்மாவும் அப்படித்தான்" என்று ஆரம்பித்தால் கால் மணி நேரம். என் பாட்டி நாமக்கல் பக்கம். பன்னிரண்டு வயதில் ரஜூலா கப்பலில் தன் பெரியப்பாவோடு வந்தவர். 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது, அதற்குக் கொஞ்சம் முன்னால். பினாங்கில் இறங்குவதற்கு முன் ஜெரஜாக் தீவில் நோய் இருக்கிறதா என்று பார்க்க நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே துணிமணியெல்லாம் வாங்கி ஆவியில் போட்டு எடுத்தார்களாம். பாட்டி கொண்டுவந்த ஒரே பட்டுப் பாவாடை சுருங்கிக் கைக்குட்டை அளவாகிவிட்டது. "அதச் சொல்லிச் சொல்லி அழுவாங்க. ஊர விட்டு வந்ததுக்குக்கூட அப்படி அழுது நான் பாக்கல."

நாற்பத்தைந்து வயதில் இந்தப் பாவாடைக் கதையை முதல் தடவையாகக் கேட்கிறேன். பாட்டி இறக்கும்போது எனக்குப் பதினேழு வயது. எத்தனை தடவை அவர் மடியில் படுத்திருப்பேன். கேட்கத் தோன்றவில்லை. இன்று ஒரு அந்நியப் பெண்ணின் குடும்பக் கதையைப் படித்ததால் வந்தது.

இன்று முப்பது பக்கம்தான் முடிந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

நான்காம் நாள், செவ்வாய்

பக்கத்து வீட்டு அக்கா அத்தையோடு இருக்கிறேன் என்றதால் அரை நாள் மெர்போக் போய் வந்தேன். பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம், அதன் மேலே புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளம், பக்கத்தில் ஓடும் ஓடை. கோயிலைச் சிதறிக் கிடந்த கற்களிலிருந்து 1959-60இல் திரும்ப அடுக்கினார்கள். குளிர்ச்சியான இடம், அழகான இடம். பட்டினப்பாலையில் வரும் காழகம் இதுதான் என்பார்கள். 1025இல் ராஜேந்திர சோழன் படை வந்த கடாரம் இதுதான் என்பார்கள். எங்கள் விழா மேடைகளில் பேச்சைத் தொடங்க இதை விட்டால் வேறு வரியே கிடையாது.

எனக்கு அங்கே நின்றபோது வேறு ஒரு வருடம்தான் மனதில் இருந்தது. 1947. பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் தொடங்கிய தொண்டர் படை, சம்பளப் பணத்தை விழுங்கிய கள்ளுக்கடைக்கு எதிராக இதே பீடோங்கில் திரண்டது. போலீஸ் வந்தது, அடிதடி ஆனது. ராஜாவும் கப்பலும் இல்லாத கதை. கூலிகளே தங்கள் குடியைத் தாங்களே நிறுத்தப் பார்த்த கதை. பெரும்பாலான மேடைகளில் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த நாளை மையமாக வைத்த ஒரு முழு நாவல் இன்னும் என் கைக்கு வரவில்லை. வந்தால் முதல் ஆளாக வாங்குவேன். வாங்கி இங்கே கொண்டுவந்து அத்தைக்குப் படிப்பேன்.

ஐந்தாம் நாள், புதன்

கடைசிப் புத்தகம். அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்', 2005. போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையைப் பற்றிய நாவல். பையில் இதை அடியில் வைத்திருந்தேன். எடுக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். காரணம், தாத்தா சயாமுக்குப் போனவர்.

போனார், வந்தார். வீட்டில் யாருக்கும் தெரிந்தது அந்த இரண்டு சொல் மட்டும்தான். அப்பா கேட்டதில்லை, அப்பாவிடம் நாங்கள் கேட்டதில்லை.

அத்தையிடம் புத்தகம் எதைப் பற்றி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "படி. எனக்கும் வயசாச்சி" என்றார்.

ரெங்கசாமி ஜப்பான்காரன் காலத்தில் சிறுவனாக இருந்தவர். அதனால் தோட்டத்தில் அரிசி இல்லாமல் போனதும், மரவள்ளிக் கிழங்கே சோறானதும், வாழைமரம் போட்ட நோட்டும், சாக்கைக் கிழித்து உடுத்ததும் எல்லாம் அவர் கண்ட காலம். அந்தக் காலத்தைத் தெரிந்தவர் எழுதுகிறார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. இது நேர்த்தியான நாவலா என்று கேட்டால், இல்லை. சில இடங்களில் சரித்திரம் பாத்திரங்களின் வாயில் ஏறி உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்துகிறது. வேறு புத்தகமாக இருந்தால் குறை சொல்லியிருப்பேன். இந்தப் புத்தகத்திடம் எனக்கு அந்த மனசு வரவில்லை. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து நான் இங்கே வந்த தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். பாதி வழி தூங்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பாதையில் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தார்கள். அதில் எத்தனை பேர் நம் தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் ஏற்றப்பட்டவர்கள். அதைத் தமிழில் உட்கார்ந்து எழுதிய கைக்கு முன்னால் வாக்கிய அழகைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

முகாமில் நோய் பரவும் பகுதி வந்தது. நான் குரலைத் தாழ்த்தித்தான் படித்தேன். அங்கே காலில் ஒரு முள் கீறினால் போதும், புண் வைத்து எலும்பு வரை தின்றுவிடும் என்பது பிழைத்து வந்தவர்கள் எல்லாரும் சொன்ன விஷயம். அத்தைக்காக அதையும் சொன்னேன்.

"நிறுத்து" என்றார்.

"எங்கப்பா தினம் ராத்திரி எங்க காலப் பாப்பாரு. நாங்க அஞ்சி பேரும் வரிசையா உக்காரணும். வௌக்க எடுத்துக்கிட்டு வந்து முட்டிக்குக் கீழ தடவித் தடவிப் பாப்பாரு. கொசு கடிச்சிருந்தாக்கூட உப்புத் தண்ணி வச்சிக் கழுவுவாரு. எரியும். கத்துவோம். விட மாட்டாரு. பாசம்னு நெனச்சிக்கிட்டோம். எங்கம்மா கூட, இது என்னா கிறுக்குன்னு திட்டுவாங்க."

எனக்குத் தாத்தாவின் காலே ஞாபகம் வந்தது. எனக்கு ஐந்து ஆறு வயதிருக்கும். இடது முழங்காலுக்குக் கீழே, இருபது காசு அளவுக்கு ஒரு குழி. பளபளவென்று, முடி முளைக்காத தோல். அதில் என் விரலை வைத்து அழுத்தி விளையாடியிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். விரலை எடுக்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

இன்று அதற்கு மேல் படிக்கவில்லை.

ஆறாம் நாள், வியாழன்

இன்று சோதனைக்குப் போய்விட்டு வர மாலை ஆகிவிட்டது. கண் நன்றாக ஆறுகிறது. இருவரும் களைப்பு. படிப்பு இல்லை.

ஏழாம் நாள், வெள்ளி

மத்தியானம் ரயில். காலையில் அத்தையே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மிச்சத்தப் படிச்சி முடி" என்றார். இன்னும் அறுபது பக்கம் இருந்தது. முடிக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். முடிந்த வரை படித்தேன். நடுவில் எழுந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தேன். அத்தை குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

ஒரு இடத்தில், "செத்தவங்களுக்கு அங்க கல்லு இருக்கா?" என்று கேட்டார். காஞ்சனபுரியில் இருக்கிறது என்றேன். வெள்ளைக்காரக் கைதிகளுக்கு, ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறை, வரிசை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு கல். புல்லைக்கூட ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று படங்களில் பார்த்ததைச் சொன்னேன். தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அப்படி ஆளுக்கொரு பெயர்க்கல் கிடையாது.

"திரும்பி வந்தவங்களுக்கு?"

நான் பதில் சொல்லவில்லை.

"இந்தப் புத்தகத்த எனக்கு வச்சிட்டுப் போ. கண்ணு தெளிஞ்சதும் நானே படிக்கிறேன்." அத்தை தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். மாரியம்மன் தாலாட்டை ஒரு பிழை இல்லாமல் படிப்பார். சரி என்று புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல எங்கப்பா பேரு இல்லல்ல?"

"இல்ல அத்தை. இது கதை."

"எழுது. முன்னாடி வெத்துத் தாளு இருக்குமே, அதுல. பேரு எழுது, அவங்கப்பா பேரு எழுது, தோட்டத்துப் பேரு எழுது. சயாமுக்குப் போனாரு, திரும்பி வந்தாருன்னு எழுது. பிள்ளைங்க கால தினம் பாத்தாருன்னும் எழுது."

பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதினேன். கை கொஞ்சம் நடுங்கியது. முதல் வரி முடிந்ததும் அத்தை கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளுக்குப் பக்கத்தில் வந்தார்.

"இன்னும் பெரிசா எழுது கண்ணு. எனக்குத் தெரியணும்."

அடுத்த பக்கத்தில் மறுபடியும், கட்டை விரல் அளவு எழுத்தில், முதலிலிருந்து எழுதினேன்.